தங்கை கல்யாணத்துக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா?

கேள்வி: டல்லாஸில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். இங்கேயே நீட்டிப்பு வாங்கி, 2028 வரைக்கும் ஐ-797 அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் மட்டும் காலாவதியாகிவிட்டது. ஆவணியில் மதுரையில் தங்கை கல்யாணம். மூன்று வாரம் போய்வரலாமா? எச்-1பிக்குப் புதிதாகப் போட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். அந்தக் கட்டணம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக 2025 செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய மனுக்களுக்கு. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நீட்டிப்பு வாங்கிய உங்களுக்கு, ஊருக்குப் போய்த் திரும்புவதால் அது வராது. மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறக் காத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். மாற்றம் முடியுமுன் வெளியேறினால் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். கட்டணமும் தலையில் விழலாம்.

உங்கள் சிக்கல் ஸ்டாம்ப். ஐ-797 உள்ளே இருந்து வேலை பார்க்கத்தான் உதவும். திரும்ப நுழையச் செல்லுபடியாகும் ஸ்டாம்ப் வேண்டும். அது இல்லாமல் சென்னையில் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

முன்பு பலர் நேர்காணல் இல்லாத டிராப்பாக்ஸ் முறையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் கல்யாண வேலையைப் பார்த்தார்கள். 2025 செப்டம்பர் 2-லிருந்து எச்-1பிக்கு அந்த வழி இல்லை. நேர்காணலுக்குப் போயே ஆக வேண்டும். டிசம்பர் 15 முதல் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராயத் தொடங்கினார்கள். அப்போது என்ன ஆயிற்று தெரியுமா? டிசம்பர் தேதியை நம்பி ஊருக்கு வந்திருந்த பலருக்கு, நேர்காணல் அடுத்த மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனதாக மின்னஞ்சல் வந்தது. டிக்கெட் போட்டாயிற்று, லீவும் முடிகிறது, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?

அதனால் நேர்காணல் தேதி கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். தேதி இருந்தாலும், நேர்காணல் முடிந்து, விசா முடிவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளைக் கொடுத்துவிட்டால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். குடித்து வண்டி ஓட்டியதாக எப்போதாவது கைதாகியிருந்தால், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்று செய்யுங்கள். மாட்டிக்கொண்டால் மதுரையிலிருந்து வேலை பார்க்கலாமா, எத்தனை நாள், சம்பளம் வருமா என்று எச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதம் தாங்கும் என்றால் போங்கள். அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு இருந்தால் நான் போகச் சொல்ல மாட்டேன். வேலை போனால் கிடைக்கும் 60 நாள் அவகாசம் அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்குத்தான்.

அப்புறம் பாஸ்போர்ட். அது 2027-ல் முடிவதாக இருந்தால், திரும்பி இறங்கும்போது, எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவையும் 2027 வரைக்கும்தான் தரக்கூடும், ஐ-797-ல் 2028 என்று இருந்தாலும். கடைசியாகக் கிடைத்த ஐ-94 தேதிதான் கணக்கு. பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். இறங்கிய அன்றே அமெரிக்கச் சுங்க, எல்லைத் துறையான சிபிபியின் இணையதளத்தில் ஐ-94-ஐ எடுத்துத் தேதியைப் பாருங்கள்.