லெக்சிங்டன் திடலில் விழுந்து எழுபவர்கள்

வணக்கம் ஐயா,

மாசசூசெட்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் விடியும் முன்பே என்னை லெக்சிங்டனுக்கு அழைத்துச் சென்றான். 1775-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அமெரிக்கப் புரட்சியின் முதல் சண்டை நடந்த அதே திடலில், அக்கால உடையணிந்த சிலர் சுடுவதுபோலவும் விழுந்து சாவதுபோலவும் நடித்தார்கள். சற்று நேரத்தில் எழுந்து, ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுப் போனார்கள். எட்டுப் பேர் மெய்யாகவே செத்த இடத்தில் இப்படிச் செய்வது வரலாற்றை விளையாட்டாக்குவது அல்லவா?

கே.

அன்புள்ள கே.,

விளையாட்டு என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப்படையாக நிற்பவர்கள் ஒவ்வொருவரும் 1775 ஏப்ரல் 19 அன்று கேப்டன் ஜான் பார்க்கரின் படையில் இருந்த குறிப்பிட்ட ஓர் ஆளை ஏற்றுக்கொண்டு, அவரைப் பற்றித் தேடிப் படித்துவிட்டே வருகிறார்கள். அந்தப் படையில் இருந்தவர்களில் ஒருவர் ஜோனாஸ் பார்க்கர். குண்டடிபட்டு விழுந்த நிலையிலும் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்க முயன்றுகொண்டிருந்தவரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். இன்னொருவர் பிரின்ஸ் எஸ்டப்ரூக் என்னும் கறுப்பின அடிமை. தனக்கே இல்லாத விடுதலைக்காக அன்று அங்கே காயம்பட்டார்.

என்னுடைய ஐயம் வேறு. முதல் குண்டைச் சுட்டது யார் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. வரலாறு எழுதுபவர் 'தெரியவில்லை' என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். நடிப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது, யாரோ ஒருவர் எங்கிருந்தோ விசையை இழுத்தே ஆகவேண்டும்.

அப்படி நடிப்பில் காட்டியது பிறகு வரலாறாகவே நின்றுவிடலாம். இதற்கு அந்தத் திடலிலேயே சான்று இருக்கிறது. 'இடம்விட்டு அசையாதீர்கள், அவர்கள் சுடாதவரை சுடாதீர்கள், போர்தான் வேண்டுமென்றால் அது இங்கேயே தொடங்கட்டும்' என்று பார்க்கர் சொன்னதாக ஒரு பாறையில் பொறித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் சண்டை நடந்த ஆறாம் நாள் அவரே கொடுத்த வாக்குமூலத்தில், பட்டாளம் நெருங்கியதும் கலைந்து போகும்படியும் சுடவேண்டாம் என்றும் உத்தரவிட்டதாகத்தான் இருக்கிறது. பிரிட்டிஷாரே குற்றவாளிகள் என்று லண்டனுக்குக் காட்டுவதற்காகத் திரட்டிய வாக்குமூலங்களில் அதுவும் ஒன்று என்பதால் அதையும் அப்படியே நம்பிவிட முடியாதுதான். பார்க்கர் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே காசநோயால் இறந்துவிட்டார். பாறையிலுள்ள வாசகத்துக்கு ஆதாரம் எது தெரியுமா? 1820-களில் அதே சண்டையை ஊரார் நடித்துக் காட்டியபோது, பார்க்கரிடம் சார்ஜெண்டாக இருந்த வில்லியம் மன்றோ தம் முதுமையில் கேப்டனின் இடத்தில் நின்று அந்தச் சொற்களைச் சொல்லி, அவர் சொன்னது இதையேதான் என்றாராம். இதைப் பிற்பாடு எழுதிவைத்தவர் பார்க்கரின் பேரன் தியோடர் பார்க்கர். ஆக, நடிப்பில் ஒலித்த வசனம் கல்லில் ஏறி வரலாறாகிவிட்டது. மன்றோ பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, வென்ற நாட்டின் குடிமகனாக, கூட்டத்தின் முன் நின்ற கிழவருக்கு 'கலைந்து போங்கள்' என்ற உத்தரவு நினைவுக்கு வந்திருக்குமா என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, திடலில் நடந்தது சில நிமிடச் சண்டை. அன்றைய சாவில் பெரும்பகுதி அதற்குப் பிறகு, பக்கத்து ஊரான காங்கர்டிலிருந்து பாஸ்டனுக்கு பிரிட்டிஷ் பட்டாளம் பின்வாங்கிய சாலையில்தான் நிகழ்ந்தது. பொழுது சாய்வதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேரும் அமெரிக்கக் குடியேற்றத்தார் தரப்பில் 49 பேரும் இறந்திருந்தார்கள். மெனாட்டமியில், அதாவது இன்றைய ஆர்லிங்டனில், ஜேசன் ரஸ்ஸல் என்ற காலூனமுற்ற முதியவர் தம் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். அந்த வீட்டிலும் அதைச் சுற்றியும் மேலும் 11 பேர் மடிந்தார்கள். நான்கு சுவருக்குள் நடந்த அந்தக் கொலைகளை எந்தத் திடலிலும் நடித்துக் காட்டிவிட முடியாது.

வீடு இன்னும் இருக்கிறது. லெக்சிங்டனிலிருந்து காரில் சிறிது தூரம்தான். மகனிடம் சொல்லி அடுத்த முறை அங்கேயும் போய்வாருங்கள். குண்டு துளைத்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.