பிஎச்டி இடம் வந்துவிட்டது, பணம்?

ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறாள். லண்டனில் பிஎச்டிக்கு இடம் வந்துவிட்டது. உதவித்தொகை பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. வீட்டை அடமானம் வைக்கலாமா?"

வைக்காதீர்கள் அம்மா. பிரிட்டனில் இடம் தருவது துறை. பணத்துக்குப் பெரும்பாலும் தனிப் போட்டி. அதன் கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பர், ஜனவரியிலேயே போய்விடும். யூகேஆர்ஐ என்ற அரசு நிதி 2021 முதல் வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆனால் அதிகபட்சம் 30 சதவீத இடங்கள்தான். லண்டனுக்கு மறுப்பு எழுத வேண்டாம். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் இடமும் பணமும் பெரும்பாலும் ஒரே கடிதத்தில் வரும்: கட்டண விலக்கு, பாடம் நடத்தவோ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யவோ மாதப்படி. விண்ணப்பம் டிசம்பரில். பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்களுக்குள் உடன்பாடு இருக்கிறது. அதற்குள் அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம்.

ஆனால் நான் முதலில் காட்டுவது பிரான்சுக்குச் சொந்தமான பக்கத்துத் தீவு ரீயூனியனை. நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நன்றாகவே வரும். இருந்தும் ஆங்கில நாடுகளையே சுற்றிவருகிறோம். பிரான்சின் முறையில் 'கோந்த்ரா தொக்தொரால்' என்ற பிஎச்டி வேலை ஒப்பந்தம் கிடைத்தவர் மூன்றாண்டுக்குச் சம்பளம் வாங்கும் ஊழியர். 2026இல் பிடித்தம் போவதற்கு முன் குறைந்தது மாதம் 2,300 யூரோ. ஐரோப்பியர் அல்லாதவருக்கு 2019இல் ஏற்றிய கட்டணம் பிஎச்டிக்குப் பொருந்தாது. சென்-தெனியில் உள்ள ரீயூனியன் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டலக் கடல் சூழலை ஆராயும் 'ஆந்த்ரோப்பி' ஆய்வகமே இருக்கிறது.

அங்கே முதலில் நெறியாளர், பிறகுதான் விண்ணப்பம். மகள் அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, தன் முதுகலை ஆய்வில் கண்டது அதோடு எங்கே பொருந்துகிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். "ஆர்வமுள்ள மாணவி" என்று நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் நாற்பதும் குப்பைக்குத்தான். நெறியாளர் சம்மதித்த பிறகும் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி மாணவர்களைக் கவனிக்கும் ஆய்வுப் பள்ளியின் நேர்காணலில் தேற வேண்டும். அது வழக்கமாக மே, ஜூன் வாக்கில்.

தென்னாப்பிரிக்காவும் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கில் மொரீஷியஸும் இருப்பதால், அதன் 1997 உடன்படிக்கைப்படி உள்ளூர் மாணவர் கட்டணமே. மேலே ஒரு தனித் தொகையைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கும். சாப்பாடு, வாடகைக்குத் தனியே தேட வேண்டும்.

இதையெல்லாம் போர்ட் லூயி ஏஜென்ட்டுகளிடம் கேட்டுப் பெரிய பயன் இருக்காது. கட்டணம் கட்டும் மாணவரைச் சேர்த்துவிட்டால்தானே அவர்களுக்குக் கமிஷன்!