மருந்து மூலக்கூறுகளும் சோப்பைப் போல மைசெல் (தண்ணீருக்கு ஆகாத பகுதியை உள்ளே மறைத்துச் சேரும் சின்னக் கூட்டம்) கட்டுமா? உடம்புக்குள்ளும் அது நடக்குமா?

கட்டும். ஆனால் ஊசி மருந்துக் குப்பிக்குள் நடப்பதெல்லாம் இரத்தத்திலும் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

குளோர்புரோமசினை எடுத்துக்கொள்வோம். மனச்சிதைவுக்குத் தரும் மருந்து. விடாத விக்கலுக்கும் தருவார்கள். இதன் மூலக்கூறில் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று வளையங்களுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. அங்கிருந்து நீளும் சின்னச் சங்கிலியின் நுனியில் ஒரு அமீன் (நைட்ரஜன் உள்ள தொகுதி). ஹைட்ரோகுளோரைடு உப்பாகக் கரைத்தால் அது நேர்மின்னூட்டத்தோடு தண்ணீரில் சுகமாக இருக்கும். வளையங்கள் ஒன்றையொன்று பெரிதாக இழுப்பதில்லை. அவற்றைச் சுற்றி முறுக்கிக்கொண்டு நிற்கும் நீர் மூலக்கூறுகள் விடுபடுவதில்தான் லாபம். கூட்டம் சேர்வதில் பெரும்பங்கு தண்ணீரின் வேலைதான்.

பாடம் எடுக்கும்போது இதைக் கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டும் கடத்துத்திறன் அளவியில் காட்டுவேன். கெட்டியான கரைசலைப் பிப்பெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டால், செறிவு கூடக் கூட கடத்துத்திறன் கோடு நேராக ஏறும். சுமார் 20 மில்லிமோலார் (மில்லிமோலார் செறிவைச் சொல்லும் அலகு) பக்கம் சாய்வு குறையும். ஏனென்றால், கட்டிய மைசெல்கள் மின்சாரத்தைச் சுமக்கும் குளோரைடு அயனிகளில் ஒரு பகுதியைத் தம்மோடு பிடித்துவைத்துக்கொள்கின்றன. எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற பொருளில் (சுமார் 8 மில்லிமோலார்) இந்த முறிவு பளிச்சென்று தெரியும். இங்கே அது மெல்லிய வளைவுதான். ஸ்கேல் வைத்து ஆளுக்கொரு எண் சொல்வார்கள்! காரணம், எஸ்.டி.எஸ். மைசெல் ஒன்றில் அறுபதுக்கு மேல் மூலக்கூறுகள் இருக்கும். இதில் பத்துப் பன்னிரண்டு இருந்தாலே அதிகம். உப்பைச் சேர்த்தால் ஒவ்வொரு கூட்டமும் பெரிதாகும், இன்னும் குறைந்த செறிவிலேயே கட்டவும் ஆரம்பிக்கும்.

சரி, உடம்புக்கு வருவோம். மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் ஊசி மருந்து என்றால் கிட்டத்தட்ட 70 மில்லிமோலார். குப்பிக்குள் மைசெல் உறுதி. இரத்தத்தில் அதன் செறிவு வழக்கமாக ஒரு மைக்ரோமோலாருக்கும் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே, அதிலும் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே மைசெல் கட்ட வழியே இல்லை.

இதே கணக்கு ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்குப் பொருந்தாது. அது மைக்ரோமோலார் அளவிலேயே ஒன்றுசேர்ந்துவிடும். பூஞ்சையின் சவ்வைத் தேடிப் போகவேண்டிய மருந்து, கூட்டமாகச் சேர்ந்தால் நம் செல்களின் கொலஸ்டிரால் சவ்வையும் அதிகமாகத் தாக்கும். அடி விழுவது முக்கியமாகச் சிறுநீரகத்துக்கு. 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது இந்த மருந்தின் லைப்போசோம் (கொழுப்புக் குமிழி) வடிவத்துக்கு அத்தனை தட்டுப்பாடு வந்தது இதனால்தான். மருந்தைக் கொழுப்புக் குமிழியின் சுவருக்குள் பிடித்து வைத்தால் தண்ணீரில் கூட்டம் சேர இடமில்லை, சிறுநீரகம் தாங்கும் அளவில் டோஸையும் கூட்டலாம்.