பதில்: 14 வயது மகன் பொம்மை உடம்பைப் பார்த்து ஏங்குகிறான்

அக்கா, உங்கள் பையன் நீச்சல் வகுப்பில் சட்டையைக் கழற்ற மறுக்கிறான், புரோட்டீன் பவுடர் கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவன் அலமாரியில் இருக்கும் அந்த ஹீரோ பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கையை நேராகத் தொங்கப் போடவே முடியாது, விலாவில் இடிக்கும்!

1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மைகளை அளந்து, 5 அடி 10 அங்குல ஆளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1964 பொம்மைக்குப் புஜத்தின் சுற்றளவு சுமார் 12 அங்குலம், 90-களில் வந்த 'எக்ஸ்ட்ரீம்' பொம்மைக்கோ கிட்டத்தட்ட 27. பெரிய பாடிபில்டர்களுக்கே அப்படி இருப்பது மிக அரிது. இதை அவனிடமே சொல்லுங்கள், பையன்களுக்கு எண் பிடிக்கும். சினிமா உடம்பும் அப்படித்தான், சட்டையில்லாத காட்சிக்கு முன் தண்ணீரைக் கூடக் குறைத்துக்கொள்ளும் நடிகர்கள் உண்டு, அப்புறம் லைட்டிங் வேறு.

பவுடர் இப்போதைக்கு வேண்டாம், முட்டை, மீன், பக்கத்து மளிகைக் கடைப் பருப்பே போதும். தீபாவளிக்கு வரும் மாமாக்கள் 'என்னடா இப்படி ஒல்லிப்பிச்சான்' என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை அதுதான். சாப்பாட்டைத் தவிர்த்தால், கண்ணாடி முன்னாலேயே நின்றால், பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள்.