கேள்வி பதில்: மரமேறும் பெரணி

இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு மரமேறும் பெரணியைப் பற்றியவை, அதனால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

வால்பாறைப் பக்கம் காட்டோரத்தில் கம்பி போல மெல்லிய கொடி ஒன்று செடிகளைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. பூவோ காயோ பார்த்ததே இல்லை. சில இலைகளின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னப் பல் மாதிரி இருக்கிறது. என்ன கொடி? (வாசகர், பொள்ளாச்சி)

எத்தனை வருடம் காத்திருந்தாலும் பூக்காது. அது பெரணி. லைகோடியம் என்ற இனம். அதில் ஃபிளெக்சுவோசம், மைக்ரோஃபில்லம் என்று இரண்டு வகை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உண்டு. அந்தப் பற்களில்தான் ஸ்போர்கள் இருக்கும், விதைக்குப் பதில் அதுதான்.

ஆனால் இதில் பெரிய விஷயம் வேறு. நீங்கள் கொடி என்று நினைப்பது கொடியே இல்லை, ஓர் இலை! தண்டு மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாக ஊர்கிறது, அதிலிருந்து கிளம்பும் ஒரே இலையின் நடு நரம்புதான் சுற்றிச் சுற்றி மேலே போகிறது, இருபுறமும் நீங்கள் இலை என்று பார்ப்பதெல்லாம் அந்த ஒற்றை இலையின் துண்டுகள். பெரும்பாலான செடிகளின் இலை ஓர் அளவோடு நின்றுவிடும், இது நுனியில் வளர்ந்துகொண்டே இருக்கும். மைக்ரோஃபில்லத்தில் ஓர் இலை 30 மீட்டர் வரை போகும். நுனியை மாடு கடித்துவிட்டால்? பக்கவாட்டுக் கிளைகளின் முனையில் தூங்கும் மொட்டு ஒன்று விழித்துக்கொண்டு அங்கிருந்து வளர ஆரம்பிக்கும்.

இது மரத்தின் சாற்றை உறிஞ்சுமா? வெட்டிவிடலாமா? (வாசகி, தென்காசி)

உறிஞ்சாது. ஏற ஒரு பிடிமானம் வேண்டும், அவ்வளவுதான். நம் காட்டில் இருப்பதை வெட்ட வேண்டாம். இங்கே அதைத் தின்னும் பூச்சிகளும் இருக்கின்றன, அடர்ந்த நிழலும் இருக்கிறது, அளவோடுதான் வளரும்.

ஃபுளோரிடாவில் இருக்கும் என் மகன், அங்கே ஏறுபெரணி என்றாலே பயப்படுகிறார்கள் என்கிறான். ஒரு பெரணிக்கா இவ்வளவு? (வாசகர், மதுரை)

உங்கள் மகன் சொல்வது சரி. அதே மைக்ரோஃபில்லம்தான். அழகுக்காகக் கொண்டுபோனது, 1960களில் தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் ஆங்காங்கே தீவு மாதிரி மரக்கூட்டங்கள் இருக்கும், அவற்றின் மேல் கனத்த போர்வையாகப் படர்ந்து வெளிச்சமே இல்லாமல் செய்துவிடுகிறது. அதைவிட மோசம் தீ. சாதாரணமாகப் புல்லோடு போய்விடும் தீ, காய்ந்த பெரணியைப் பிடித்துக்கொண்டு மர உச்சிக்கே ஏறிவிடும், எரியும் துண்டுகள் காற்றில் பறந்து இன்னோர் இடத்தில் விழும். ஸ்போர்களோ தூசி மாதிரி, காற்றிலும் வேலைக்குப் போனவர் சட்டையிலும் ஊர் ஊராகப் போகும். ஒரே ஒரு ஸ்போர் போய் விழுந்தாலும் துணை இல்லாமலே புதுக் கூட்டத்தை ஆரம்பிக்க முடியும்.

அங்கே இடுப்பு உயரத்தில் சுற்றிலும் வெட்டிவிட்டு, கீழ்ப்பகுதிக்கு மட்டும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மேலே தொங்குவது தானாகக் காய்ந்துவிடும், பிடித்து இழுத்தால் மரத்துக்குத்தான் சேதம். 2008இல் இதன் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு குட்டி அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதன் புழுக்கள் இலையைத் தின்கின்றன. ஆனாலும் பெரணி ஒழிந்தபாடில்லை.

பயன் ஏதாவது உண்டா? மலேசியாவில் மரமேறும் பெரணியைச் சமைக்கிறார்களாமே? (வாசகி, ஈப்போ)

பயன் உண்டு. பாலியில் தெங்கானான் கிராமத்தில் லைகோடியத்தின் இன்னொரு வகையைக் கீறி கூடை, கைப்பை பின்னுகிறார்கள், வெயிலில் காயவைத்துத் தேங்காய் மட்டைப் புகையும் போடுவார்கள். சுற்றுலாப் போகிறவர்கள் விலை கேட்டு மலைக்கும் அந்தப் பை, யோசித்தால், இலைக்காம்புதான்.

சமைப்பது வேறு பெரணி: ஸ்டெனோக்ளீனா பலுஸ்ட்ரிஸ். இதில் தண்டே மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் மிடின் என்று கேட்டால் கூச்சிங் நகரச் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். சிவந்த, சுருள் பிரியாத தளிரைப் பறித்து, பூண்டோ பெலாச்சானோ (புளிக்கவைத்த இறால் விழுது) போட்டு அதிகத் தீயில் சட்டென்று வதக்க வேண்டும், மொறுமொறுப்பு போனால் சாப்பிடவே பிடிக்காது.

அதற்காக நீலகிரிக்குப் போய் கண்ணில் படும் பெரணித் தளிரையெல்லாம் பறித்துவிடாதீர்கள். அங்கே புல்வெளியில் மண்டிக் கிடக்கும் பிராக்கன் பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் டாக்குவிலோசைடு என்ற நச்சு இருக்கிறது, தொடர்ந்து மேயும் மாடுகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வரும். மிடின் வேண்டுமென்றால் சந்தையில் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.