புரோலின் மாத்திரை வேண்டாம், கொய்யாப்பழம் கொடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தனியாக இருக்கிறார். இட்லி, ரசம் சாதம், டீ தவிர வேறு எதையும் தொடுவதில்லை. மூன்று மாதமாக ஈறில் ரத்தம் கசிகிறது, காலில் கன்றிப்போகிறது, முழங்கால் சிராய்ப்பும் ஆறவில்லை. இணைப்புத் திசுவுக்கு நல்லதென்று ஒருவர் புரோலின் மாத்திரை தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: மாத்திரையை ஓரமாக வையுங்கள். புரோலின் என்பது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று; அதை உடலே குளூட்டமேட் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலிருந்து தயாரித்துக்கொள்ளும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறைவது வைட்டமின் சி என்றே தோன்றுகிறது.

தோல், ஈறு, ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதம், மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது. அதிலுள்ள புரோலின்களில் பல, இழையில் கோத்த பிறகு ஹைட்ராக்சிபுரோலினாக மாற வேண்டும். மாற்றும் நொதிக்கு இரும்புச்சத்தும் வைட்டமின் சி-யும் தேவை. மாறாவிட்டால் முறுக்கு சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடலோ 37 டிகிரி! அதனால்தான் ஈறு கசிகிறது, புண் மூடுவதில்லை. ஆட்டுக்கால் சூப்பில் ஹைட்ராக்சிபுரோலின் உண்டு, ஆனால் உடல் அதை அப்படியே புதுக் கொலாஜனில் கோக்க முடியாது.

அப்பாவின் கால்களைப் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகளும், ஸ்பிரிங்போல் சுருண்ட ரோமமும் இருந்தால் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) என்ற சந்தேகம் வலுக்கிறது. இருந்தாலும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்), ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். ஆஸ்பிரின் போன்ற மருந்து சாப்பிடுகிறாரென்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ரசம் புளிக்கிறதே என்று நினைக்காதீர்கள். புளியில் வைட்டமின் சி மிகக் குறைவு. ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வேண்டும்; 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 இருக்கிறது. பல் ஆடினால் பழத்தை மசித்துக் கொடுங்கள். ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்தபின் எலுமிச்சை பிழியுங்கள். கொதித்தால் பயன் குறையும். பருப்பு, முட்டை, தயிரும் தினமும் இருக்கட்டும், கயிற்றுக்கான சரக்கே புரதம்தான்.

குறைபாடு உறுதியானால் மருத்துவர் சில வாரங்களுக்கு வைட்டமின் சி மாத்திரை தருவார். சிறுநீரகக் கல் இருந்தவர் என்றால் அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். சோர்வும் ஈறுக் கசிவும் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும், காலில் கன்றியது மறைய ஓரிரு வாரம் ஆகும். அப்படிக் குறையாவிட்டால் காரணம் வேறு. காத்திருக்காமல் மறுபடி காட்டுங்கள்.