பத்துக்கு ஆறு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பான் பற்றிய கட்டுரையில் 1922 வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தத்தைப் பாராட்டியிருந்தீர்கள். பெரிய போர்க்கப்பல்களின் மொத்த எடை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் பத்து என்றால் ஜப்பானுக்கு ஆறுதான் என்று வரம்பு வைத்தது அவமானம் இல்லையா? ஜப்பானின் ரகசியத் தந்திகளைப் படித்துத்தானே அமெரிக்கா இதைச் சாதித்தது? அரசியல்வாதிகளை ஒதுக்கிவிட்டுத் தளபதிகளிடமே விட்டிருந்தால் இந்தத் தலைகுனிவு வந்திருக்குமா? இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது என்கிறார்களே, உண்மையா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

தந்தி விஷயம் உண்மை. அமெரிக்கச் சங்கேத நிபுணர் ஹெர்பர்ட் யார்ட்லியின் குழு ஜப்பானியச் சங்கேதத்தை உடைத்துவிட்டதால், ஜப்பான் கடைசியில் ஆறுக்கு இறங்கிவரும் என்று அமெரிக்கத் தரப்புக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அரசியல்வாதிகள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பது சரியல்ல. அந்த விகிதத்தை ஏற்கலாம் என்று முடிவெடுத்தவரே ஒரு அட்மிரல்தான்.

அவர் காட்டோ தொமோசபுரோ. அப்போது ஜப்பானின் கடற்படை அமைச்சர், வாஷிங்டன் பேச்சுக்குப் போன ஜப்பானியக் குழுவின் தலைவர். 1905இல் ரஷ்யக் கடற்படையை முறியடித்த சுஷிமா போரில் தளபதி தோகோவின் பக்கத்தில் நின்றவர். எட்டுப் போர்க்கப்பல், எட்டு போர்க் குரூசர் (வேகம் கூடிய பெரிய போர்க்கப்பல்) என்ற மாபெரும் கட்டுமானத் திட்டத்துக்கு அனுமதி வாங்கியவரும் அவரே. அப்படிப்பட்டவர் ஏன் இறங்கிவந்தார்? 1921இல் ஜப்பானிய பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடற்படைக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில், ஹோரி தெய்கிச்சி என்ற அதிகாரியிடம் சொல்லி அவர் எழுதவைத்த குறிப்பில் காரணம் தெளிவாக இருக்கிறது. பணமில்லாமல் போர் நடத்த முடியாது. ஜப்பான் மோத நேரக்கூடிய நாடு அமெரிக்கா. போருக்குக் கடன் தரக்கூடிய நாடும் அமெரிக்காவைத் தவிர வேறில்லை. அப்புறம் எப்படிப் போர்? நாட்டின் பாதுகாப்பு படையினருக்கு மட்டுமே உரிய விஷயம் அல்ல என்றும் அதில் சொல்கிறார். ஒரு கடற்படைத் தலைவர் இதைச் சொன்னதை நான் மிகப் பெரிய துணிச்சலாக மதிக்கிறேன்.

அவர் வெறுங்கையோடு திரும்பவும் இல்லை. பிலிப்பைன்ஸிலும் குவாமிலும் அமெரிக்கா புதிதாக அரண் கட்டக் கூடாது என்ற நிபந்தனையைப் பெற்றார். அமெரிக்காவுக்கு 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன் என்பது காகிதத்தில் அவமானமாகத் தெரியலாம். ஒப்பந்தமே இல்லாமல் இருவரும் போட்டிபோட்டுக் கட்டியிருந்தால் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு முன் ஜப்பானால் பத்துக்கு ஆறைக்கூடப் பிடித்திருக்க முடியாது.

நான் வருந்துவது வேறொன்றுக்காக. எல்லாம் ஒரு மனிதரின் மதிப்பை நம்பியே நின்றது. பத்துக்கு ஏழு வேண்டும் என்று வாஷிங்டனிலேயே எதிர்த்த இன்னொரு கடற்படை அதிகாரி காட்டோ கான்ஜியைத் தொமோசபுரோவால் அடக்க முடிந்தது. 1922 ஜூனில் பிரதமரான தொமோசபுரோ அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பதவியிலேயே இறந்தார். அந்த இடத்தை நிரப்பச் சட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. கடற்படை அமைச்சராக அட்மிரல்கள்தான் வர முடியும். படைகளின் தலைமை பேரரசரிடம். கப்பற்படையின் அளவைத் தீர்மானிப்பது அமைச்சரவையா, கடற்படைத் தலைமையகமா என்பதற்கு அரசியலமைப்பில் தெளிவான விடை கிடையாது.

கப்பல்களுக்கு மேலும் வரம்பு வைத்த லண்டன் ஒப்பந்தம் 1930இல் வந்தபோது அந்தக் கேள்வி வெடித்தது. இந்த முறை தலைமையகத்தின் தலைவரே காட்டோ கான்ஜி. எதிர்ப்பை மீறிக் கையெழுத்திடச் சொன்னவர் பிரதமர் ஹமகுச்சி. அந்த நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்ட அவர் மறு ஆண்டு இறந்தார். எதிர்க்கட்சித் தலைவர் இனுகாய், அரசு பேரரசரின் படை அதிகாரத்தில் தலையிட்டுவிட்டது என்று அப்போது முழங்கினார். தளபதிகளின் வாதத்தை அரசியல்வாதியே தூக்கிப்பிடித்த அந்தச் செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு அவர் பிரதமரானார். 1932 மே 15 அன்று இளம் கடற்படை அதிகாரிகள் அவரை அவர் இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள்.

ஆக, நீங்கள் கேட்டபடி தளபதிகளிடம் விட்டும் பார்த்தாயிற்று. ஒப்பந்தத்தை ஆதரித்த அதிகாரிகள் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். 1934 டிசம்பரில் ஹோரியின் முறை. அதே மாதம் வாஷிங்டன் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக ஜப்பான் அறிவித்தது. அதன் பிறகு, தொமோசபுரோ முடியாது என்று கணக்குப் போட்ட போருக்கே நாட்டை இழுத்துச் சென்றார்கள்.

இந்தியா பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆம், வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி பிரிட்டிஷ் பேரரசுக் குழுவில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். இந்தியாவுக்கென்று தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை. எல்லாம் பேரரசின் 5,25,000 டன்னுக்குள் அடக்கம்.